ஹீட்டர் ‘போர்டு போயிடுச்சு’ என்றால் பழைய போர்டைக் கையில் கேளுங்கள்

கன்ட்ரோல் போர்டு 6,500, டீசல் பம்ப் 2,800, ஹீட்டர் பிளக் 1,400, லேபர் 3,500. ஆக 14,200 ரூபாய். படுத்துத் தூங்க வசதி செய்த கேம்பர் வேனில், குளிரில் உள்ளே சூடு தரும் டீசல் ஹீட்டரைச் சரிசெய்ததாகப் புதுச்சேரிப் பட்டறை ஒன்று எழுதிக் கொடுத்த சீட்டு இது. கடை முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன, ஜிஎஸ்டி எண் இல்லை. வண்டி ஊட்டி ஏறிய முதல் ராத்திரியே ஹீட்டர் திரையில் இ-10 என்ற பழைய கோளாறு எண்ணே வந்து நின்றது.

கடலூர் திரும்பியதும் கழற்றிப் பார்த்தால் போர்டு பழையதுதான். ஹீட்டரைப் பொருத்திய நாளில் எடுத்த போட்டோவில் இருக்கும் அதே சீரியல் ஸ்டிக்கர், அதே ஓரக் கிழிசலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளக்கைத் தொடவே இல்லை. மேலே மூடியிருக்கும் ரப்பர் தொப்பியில் தூசு கலையவில்லை. மரையைச் சுற்றி இறுகிய கரியில் ஸ்பேனர் பட்ட அடையாளமும் இல்லை. பம்ப் மட்டும் புதுசு. அதையும் தவறாகப் படுக்க வைத்து, இல்லாத கோளாறு ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பழைய சாமான்களைக் கேட்டபோது வந்த பதில்: “அதெல்லாம் அப்பவே ஸ்கிராப்புல போட்டாச்சு சார்.”

கடலோரத்தில் ஹீட்டர் என்றால் குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் சாமான்தான். இந்த டீசல் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்த கை இங்கே குறைவு. கார் ஏசி பார்ப்பவரிடம் வண்டி போகிறது, “இதுவும் ஏசி மாதிரிதான்” என்று வாங்கி வைத்துக்கொள்கிறார். தெரியாது என்று திருப்பி அனுப்பியிருந்தால் அவர்மேல் மரியாதை வந்திருக்கும்.

இ-10 வந்தவுடன் போர்டைச் சந்தேகிப்பதே தப்பு. பெரும்பாலான சீன ஹீட்டர்களில் இ-10 என்றால் இரண்டு முறை பற்றவைக்க முயன்றும் தீ பிடிக்கவில்லை என்று பொருள். இ-08 என்றால் பற்றிய தீ நடுவில் அணைந்தது, இ-01 என்றால் வோல்டேஜ் தகராறு. கன்ட்ரோலர் மாறினால் எண்ணும் மாறலாம் என்பதால் கூட வந்த கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்களைச் சொல்வதே அந்த போர்டுதான். போர்டு செத்திருந்தால் பெரும்பாலும் எண்ணே வராது.

ஆன் செய்ததும் ஃபேன் மெதுவாகச் சுற்றும், பிளக் சூடேறும், ஒரு நிமிஷம் போல ஆனதும் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடிக்கத் தொடங்கும். சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சில நிமிஷத்தில் இரைச்சல் ஏறி, புகை நின்றுவிட வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க சைலன்சர் வாய்ப்பக்கம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. பம்ப் அடித்தும் துளிப் புகை இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து தீ பிடிக்காவிட்டால், டீசல் வருகிறது ஆனால் பற்றவில்லை: பிளக், அதைச் சுற்றிய வலை, கரண்ட் மூன்றில் ஒன்று. கறுப்புப் புகை என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. இந்த வண்டியில் வந்தது வெள்ளைப் புகை. பம்பை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று அந்தப் புகையே சொல்லியிருக்கும்.

பிளக்கை அதற்கென்று கிட்டில் வரும் ஸ்பேனரால் கழற்றலாம். அது உட்காரும் குழிக்குள் விரல்நுனி அளவில் சுருட்டி வைத்த ஒரு கம்பி வலை இருக்கும். டீசல் இதில் ஊறி, ஆவியாகித்தான் பற்றுகிறது. வலை கரியால் அடைத்துக்கொண்டால் புதுப் பிளக், புதுப் போர்டு, புதுப் பம்ப் எதைப் போட்டாலும் புகைதான் வரும். இந்த ஹீட்டரில் வலை என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்குக் கரி கட்டிப்போயிருந்தது. மொத்த ஹீட்டரிலும் மலிவான சாமான் இதுதான். நுனி வளைந்த மூக்குக் குறடால் இழுத்து எடுங்கள். பிய்ந்து வந்தால் கவலை வேண்டாம், புதுசுதான் போடப்போகிறோம். குழியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு, அதை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். புது வலையில் இருக்கும் வெட்டு அந்தத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். துளையை மறைத்தபடி வலையைத் திணித்தால் ஒரே வாரத்தில் பழைய கதைதான். பிளக்கை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். திறந்த சர்க்யூட் காட்டினால் போய்விட்டது. மிகக் குறைந்த ஓம்ஸ் காட்டினால் அவசரப்பட்டு எறிய வேண்டாம்.

அடுத்து அந்தப் புதுப் பம்ப். இதைப் படுக்கையாக வைக்கவே கூடாது. டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்க, குறைந்தது 15 டிகிரி சாய்வு வேண்டும். படுத்துக் கிடந்தால் காற்றுக் குமிழ் உள்ளேயே தங்கி, நம் மெக்கானிக்குகள் பாஷையில் ‘ஏர் புடிச்சிக்கும்’. பைப்பிலும் ஏமாற்று உண்டு. கிட்டில் வரும் பச்சை நிற மெத்து ஓஸ் வேண்டாம். உள்விட்டம் 2 மி.மீ. உள்ள கெட்டியான வெள்ளை நைலான் பைப்தான் சரி. ரப்பர் இணைப்புக்குள் இரண்டு பைப் முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் அங்கே காற்று சேர்ந்து, சேர்ந்து, மொத்தமாக ஒரு குமிழாகப் போய்த் தீயை அணைக்கும். பைப் முனையைக் கத்தரிக்கோலால் நசுக்காமல் பிளேடால் நேராக அறுங்கள்.

பம்ப் நல்லதா என்று பார்க்க மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்ச் போதும். பம்பின் உடம்பில் 22 மி.லி. என்று குறித்திருந்தால் 1,000 ‘டிக்’குக்கு 22 மி.லி. டீசல் என்று கணக்கு. ஹீட்டர் முனையில் பைப்பைக் கழற்றி, அடியில் அடைத்த சிரிஞ்சுக்குள் விட்டு, குமிழ் நின்றபின் 200 டிக் எண்ணுங்கள். 4.4 மி.லி.க்குப் பக்கத்தில் வந்தால் பம்ப் நலம். பட்டறையில் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள், 2,800 ரூபாய் மிச்சமாகும்.

கரண்ட் விஷயத்தில் கடலோரக் காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பற்றவைக்கும் அந்தச் சில நிமிஷம் ஹீட்டர் 10 ஆம்ப்ஸ் வரை இழுக்கும், ஓடத் தொடங்கியபின் ஒன்றிரண்டு ஆம்ப்ஸ்தான். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 10 மீட்டர் வயர். 1 சதுர மி.மீ. வயரில் அந்த 10 ஆம்ப்ஸுக்கு 1.8 வோல்ட் வழியிலேயே தொலையும், 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். இதில் பத்து மாதம் உப்புக்காற்றில் நின்று வயர் முனையில் மாட்டும் லக்கில் பச்சை பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சும்மா நிற்கும்போது மீட்டர் 12.6 காட்டுவதை வைத்து ‘கரண்ட் ஓகே’ என்பார்கள். பிளக் எரியும் நேரத்தில், ஹீட்டர் சாக்கெட்டில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

“ஓட்டிக் காட்டினோமே சார், சூடாத்தான வந்துச்சு” என்பது அவர்களின் கடைசி ஆயுதம். 32 டிகிரி அடிக்கும் புதுச்சேரியில் வெப்பநிலை மோடில் ஹீட்டரைப் போட்டால், உள்ளே ஏற்கெனவே சூடு என்று கணக்குப் போட்டு அது உடனே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பத்து நிமிஷம் கையை நீட்டினால் சூடு வரும்தான். அதனால் எதுவும் நிரூபணமாகாது. கதவுகளைத் திறந்துவிட்டு, ஹெர்ட்ஸ் மோடில் (பம்ப் நொடிக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று நாமே வைப்பது), முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட வேண்டும். பிறகு அணைத்து ஆறவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அணைப்பதையும் பட்டனில்தான் செய்ய வேண்டும், ஃபேன் சில நிமிஷம் ஓடித் தானாக நிற்கட்டும். ஃபியூஸைப் பிடுங்கி அணைக்கிற ஆளைக் கண்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சரியாகப் பார்த்த ஹீட்டர்கூட மலையில் வேறு மாதிரி நடக்கும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரில் பத்தில் மூன்று பங்கு. கடல்மட்டத்துக்கு வைத்த அதே அளவு டீசலை பம்ப் அங்கேயும் தள்ளினால் மிச்சமெல்லாம் கரி. கன்ட்ரோலரில் உயர மோடு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அதிகபட்சம் 5 ஹெர்ட்ஸ் இருப்பதை 4க்கு இறக்குங்கள். ராத்திரி முழுக்கக் குறைந்த வேகத்தில் விட்டாலும் வலை அடைக்கும். அப்படி ஓட்டினால் காலையில் அணைப்பதற்கு முன் அரை மணி முழு வேகத்தில் எரியவிடுங்கள்.

எங்களுக்குக் கோபம் வந்த இடம் பில் அல்ல. ஹீட்டருக்கு அடியில் சைலன்சர் பைப் கிளாம்ப் இறுக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. தரைக்கும் ஹீட்டருக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங்கையும் காணோம். அந்த இடைவெளி வழியாகக் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு படுக்கைப் பக்கம் ஏறும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஹீட்டர் அன்றைக்கு எரியாமல் போனது நல்லதாயிற்று. யார் கழற்றி மாட்டினாலும் கிளாம்பை நீங்களே ஆட்டிப் பாருங்கள். புகை வாயும் காற்று இழுக்கும் வாயும் பக்கம் பக்கமாக இருக்கக் கூடாது. பைப்பில் தாழ்ந்து தொங்கும் இடம் இருந்தால் தண்ணீர் தேங்கும். படுக்கை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டாமல் ஹீட்டரைப் போட்டுத் தூங்காதீர்கள்.

காசு போனவர்களுக்கு: பில் தராமல் அனுப்புவதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது, ஆகவே பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். பட்டறை புதுச்சேரியில் இருந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பட்டறைக்கு விடும் முன் போர்டின் ஸ்டிக்கர், பம்பின் முத்திரை, பிளக் தொப்பி மூன்றையும் தேதியோடு போட்டோ எடுத்து, ‘பழைய சாமான் திரும்ப வேண்டும்’ என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.