பாலை அளப்பதா, பட்டையைப் பார்ப்பதா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டம் நடத்துகிற நாலு பேர் சேர்ந்தால் ஒரு தர்க்கம் நிச்சயம் வரும். பால்வெட்டுகிறவருக்கு மரக்கணக்கில் கூலி கொடுப்பதா, கிலோக்கணக்கில் கொடுப்பதா? ஒன்று உழைப்புக்குக் கூலி, இன்னொன்று பலனுக்குக் கூலி. ஏழு பேரை வைத்து இரண்டையும் செய்து பார்த்தவன் நான்.

மரக்கணக்கில் ஆளுக்கு 300 மரம். வெட்டி முடித்தால் கூலி உறுதி. மழை கெடுத்தாலும் மரம் இலை உதிர்த்துப் பால் வற்றினாலும் அந்த நட்டம் தோட்டக்காரனுக்கு. ஆட்கள் இதைத்தான் விரும்புவார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எண்ணிக்கைதான் வரும். விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு வெட்டினாலும் 300, வெயில் ஏறிய பிறகு வந்து வெட்டினாலும் 300. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் வேகமாக இறங்கும். வெயில் வந்துவிட்டால் அது குறைந்துவிடும். அவசரமாக ஓடுகிறவர் மேலோட்டமாகச் சீவுவார். பால்குழல்கள் பெரும்பாலும் உள்பட்டையில் இருப்பதால் கத்தி அங்கே எட்டாது. கணக்கு நிறையும், சிரட்டை நிறையாது.

கிலோக்கணக்குக்கு மாறிய முதல் மாதம் எனக்கு ஏக சந்தோஷம். வாளி வாளியாக வந்தது. அளவில் கொஞ்சம் தண்ணீர்க் கைவரிசையும் இருந்தது. லிட்டரை விட்டு, பாலில் தண்ணீர் போக மிஞ்சும் உலர் ரப்பர் எடையில் கணக்குப் பார்த்ததும் அது நின்றது. நிற்காத ஒன்று இருந்தது. பாலுக்காகக் கத்தி ஆழமாகப் போனது.

பட்டைக்கும் தடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய படலம்தான் புதுப்பட்டையை வளர்க்கிறது. அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். கத்தி அதில் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். மறுபக்கம் வெட்டி முடித்துப் பல வருடம் கழித்து அதே பட்டைக்குத் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. சீவலின் தடிமனும் அப்படித்தான். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நூறு வெட்டுக்கு 15 சென்டிமீட்டர் பட்டை இறங்கும். மூன்று மில்லிமீட்டர் என்றால் 30. ஒரு பக்கத்துப் பட்டை பாதிக் காலத்தில் தீர்ந்துவிடும். அதிகப்படியாக வெட்டிப் பிழிந்தால் பால் வராமல் பட்டையே காய்ந்துபோகிற மரங்களும் உண்டு. இந்த நட்டம் எதுவும் அந்த மாதக் கணக்கில் தெரியாது. தெரிய வரும்போது வெட்டினவர் வேறு தோட்டத்தில் இருப்பார்.

இன்னொரு அநியாயமும் இதில் இருக்கிறது. பள்ளத்தில் நிற்கும் மரமும் பாறைமேட்டில் நிற்கும் மரமும் ஒரே அளவு பால் தராது. மேட்டுத்துண்டில் பால் வெட்டுகிற அக்காவிடம் ஒருநாள், உங்களுக்கு மட்டும் ஏன் குறைகிறது என்று கேட்டுவிட்டேன். "பாறையில நிக்குற மரத்துக்கு வேரு எறங்கியிருக்கா? பெறவு பாலு எங்க இருந்து வரும் மக்களே?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு பேரில் சுத்தமான வெட்டு அவருடையதுதான்.

அதற்காகக் கிலோக்கணக்கைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் முறித்து விற்கப்போகிற பழைய தோட்டத்தில் பட்டையைச் சேமித்து யாருக்கு வைப்பது? அங்கே கிலோதான் சரி. முந்திரிக் கம்பெனிகளிலும் எடைக்கூலி நடக்கிறது, ஆனால் பருப்பு உடையாமல் முழுசாக இருக்க வேண்டும். ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 முழுப்பருப்பு நிற்பதைத்தான் டபிள்யூ 320 தரம் என்கிறார்கள். அங்கே பலனும் வேலையின் சுத்தமும் ஒரே தட்டில் தெரிந்துவிடும். ரப்பரில் தெரியாது, அதுதான் சிக்கல்.

புதிதாகப் பழகும் பையன்களிடம் கிலோ பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி. முறிக்கப்போகிற மரங்களில்தான் கத்தி பிடிக்க விடுவேன். முதல் சில மாதம் மூன்றைத்தான் பார்ப்பேன்: வெட்டின் சாய்வு ஏறத்தாழ 30 பாகையா, ஆழம் எவ்வளவு, சீவல் எவ்வளவு தடிப்பு. மரத்தடியில் கிடக்கும் சீவலை எடுத்து விரலில் உருட்டினாலே பாதி தெரிந்துவிடும். கை படிந்த பிறகுதான் தராசுப் பேச்சு. முதல் வாரமே தராசைக் காட்டிக் கெடுத்த பையன் ஒருவன் எனக்கும் உண்டு. பயந்துபோய் ஆழமாக வெட்டப் பழகியவனுக்குக் கையைத் திருப்ப ஒரு வருடம் ஆனது.

இப்போது என் தோட்டத்தில் அடிப்படைக் கூலி மரக்கணக்கில். அதற்குமேல் ஒரு தொகை உண்டு. அவரவர் வெட்டும் துண்டு போன வருடம் இதே மாதம் தந்த உலர் எடையைத் தாண்டினால், அதுவும் மாதக்கடைசியில் பட்டை பார்த்துக் காயம் இல்லையென்றால் மட்டும். பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றோடொன்று மோதவிடுவதில்லை. தொகை போதாது என்ற முறுமுறுப்பு இருக்கத்தான் செய்கிறது, அது நியாயமும்கூட. பட்டை பார்க்க எனக்கு இரண்டு நாள் போகிறது, அதுவும் செலவுதான்.

போன மாதம் அந்த அக்கா தன் மகளின் பிரசவத்துக்குப் போனார். மேட்டுத்துண்டை இரண்டு வாரம் நானே வெட்டினேன். விடியுமுன் போயும் பாதி வாளிதான்.