ப்ரீஆம்ப்பை ஏற்றுவதா, பவர் ஆம்ப்பை முழுசாகத் திறப்பதா?

கிட்டார் ப்ரீஆம்ப்பை (கிட்டாரின் சத்தத்தைச் செதுக்கும் முன்கட்டப் பெட்டி) தனி பவர் ஆம்ப்பில் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) கோர்த்ததும் வரும் முதல் குழப்பம், எந்தக் குமிழை எங்கே நிறுத்துவது என்பது. பவர் ஆம்ப்பை முழுசாகத் திறந்துவிட்டு ப்ரீஆம்ப்பின் மாஸ்டரில், அதாவது அதன் மொத்த வெளியீட்டுக் குமிழில், சத்தத்தைப் பிடி என்பார்கள் சிலர். மாஸ்டரை ஏற்றிவிட்டு பவர் ஆம்ப்பைக் குறை என்பார்கள் வேறு சிலர்.

பெரும்பாலான டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்களில் முன்பக்கக் குமிழ் வாட்ஸைக் கூட்டுவதில்லை. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்க மட்டுமே செய்யும். குமிழ் பாதியில் இருந்தாலும் போதிய வோல்ட் கொடுத்தால் ஆம்ப் முழுத் திறனைத் தொட்டுவிடும். 8 ஓமில் 100 வாட் என்றால் வெளியே 28.3 வோல்ட். ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால், உள்ளே 1.4 வோல்ட் வேண்டும். 32 டெசிபல், 40 மடங்கு என்றால் 0.7 வோல்ட்டே போதும். ப்ரீஆம்ப் +4 டிபியு என்ற தொழில்முறை அளவில் தந்தால் 1.23 வோல்ட் வரும். −10 டிபிவி என்ற வீட்டுச் சாதன அளவு என்றால் வெறும் 0.32 வோல்ட். இந்த இரண்டாவது வகை உங்களிடம் இருந்தால் விவாதமே இல்லை, பவர் ஆம்ப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

மற்றவர்களுக்கு, முழுசாகத் திறந்து வைப்பதில் இரண்டு தொல்லைகள். மாஸ்டர் 9 மணி நிலைக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும். லேசாகத் தொட்டாலே சத்தம் எகிறும், ஸ்டீரியோ என்றால் அந்த இடத்தில் இடமும் வலமும் சமமாக இருக்காது. அதைவிட மோசம் இரைச்சல். மாஸ்டருக்குப் பின்னால் இருக்கும் வெளியீட்டுச் சுற்றின் 'ஸ்ஸ்' சத்தம் மாஸ்டரைக் குறைத்தாலும் குறையாது. கிட்டார் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கே 100 டெசிபல் வரை கத்துபவை. அந்த இரைச்சலை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். பவர் ஆம்ப் குமிழை 12 டெசிபல் இறக்கினால் அது வோல்ட் அளவில் கால்பங்காகிவிடும். சோதிப்பது சுலபம்: மாஸ்டரைப் பூஜ்யத்தில் வைத்து பவர் ஆம்ப் குமிழைத் திருப்புங்கள். இரைச்சல் கூடவே ஏறி இறங்கினால் அது ப்ரீஆம்ப்பிலிருந்து வருகிறது.

அதற்காக மாஸ்டரைக் கண்மூடித்தனமாக ஏற்றவும் கூடாது. ப்ரீஆம்ப்பின் வெளியீடே நசுங்கினால் பின்னால் எதைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது. சில பவர் ஆம்ப்களில் குமிழுக்கு முன்பே ஒரு சுற்று இருக்கும். அங்கேயே சிக்னல் வெட்டுப்பட்டுவிடும். யாராவது பவர் ஆம்ப் குமிழைத் தெரியாமல் ஏற்றினால் ஸ்பீக்கருக்கும் ஆபத்து: 100 வாட் ஆம்ப் நன்றாக கிளிப் ஆனால் (அலையின் உச்சங்கள் வெட்டுப்பட்டால்) 200 வாட்டை நெருங்கும், 60 வாட் ஸ்பீக்கர் அதைத் தாங்காது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு எங்கள் தேர்வு, மாஸ்டரை ஏற்றி பவர் ஆம்ப்பைக் குறைக்கும் இரண்டாவது வழிதான், ஆனால் அளந்து. பவர் ஆம்ப்பைப் பூஜ்யத்தில் வைத்து, டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் சத்தத்தில் ஆறு கம்பியையும் ஓங்கி அடியுங்கள். டிஸ்டார்ஷன் சிக்னல் ஏற்கெனவே தட்டையானது, உச்சங்கள் குறைவு. க்ளீன்தான் முதலில் வெட்டுப்படும். ப்ரீஆம்ப்பின் கிளிப் விளக்கு எரியும் இடத்திலிருந்து மாஸ்டரை 6 டெசிபல் இறக்குங்கள். பிறகு அதே அடியை அடித்தபடி, மேடைக்குத் தேவையான சத்தம் வரும்வரை பவர் ஆம்ப்பை ஏற்றுங்கள். அந்த இடத்தை வண்ண டேப்பில் குறித்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சியில் தேட வேண்டாம். டிஸ்டார்ஷன் சேனலின் சத்தத்தைக் கடைசியாக அதன் சேனல் வால்யூமில் சமப்படுத்துங்கள், மாஸ்டரைத் தொடாதீர்கள்.

டியூப் பவர் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்கள் கொண்டது) என்றால் கணக்கே வேறு. அது வெட்டுப்படும் விதம் மென்மையானது. பலர் அந்தக் கனத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். அங்கே பவர் ஆம்ப்பை ஏற்றி, ப்ரீஆம்ப் கெயினைக் குறைத்து, டியூப்களே பிழியப்படும்படி விடுவது நியாயம். ஆனால் ஸ்பீக்கர் இணைக்காமல் அந்த ஆம்ப்பை ஓட்டிச் சோதிக்க வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். 8 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் சாக்கெட்டில் செருகியபின் பவர் ஸ்விட்சைப் போடுங்கள்.