சீனி மணக்கும் ஏரிக்கரை: ரொறன்ரோவின் சுகர் பீச்

ரொறன்ரோ ஏரிக்கரையில் எங்கே நடக்கப் போகலாம் என்று கேட்பவர்களை நான் தொழிற்சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துக்குத்தான் அனுப்புவேன். சிம்கோ தெரு முனையில் 2009இல் கட்டிய அலை வடிவ மரத்தளம் அழகுதான், பிள்ளைகளுக்குச் சறுக்கி விளையாட நல்ல இடம். ஆனால் சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். இங்கே ஒரு காலத்தில் மூட்டை இறக்கினார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிழக்கே ஜார்விஸ் தெரு முடியும் இடத்தில் கதை வேறு. வாகனத் தரிப்பிடமாகக் கிடந்த நிலத்தை 2010இல் மணல் கொட்டிப் பூங்காவாக்கினார்கள். அதுதான் சுகர் பீச். வடிவமைத்தவர் கிளோட் கோர்மியே. இளஞ்சிவப்புக் குடைகளும், மிட்டாய் போல் கோடு தீட்டிய பெரும் பாறைகளும் எதிர்க்கரையில் நிற்கும் ரெட்பாத் சீனி ஆலையை வைத்துச் செய்த குறும்பு. ஆலையை 1959இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்துவைத்தார். இன்றைக்கும் அங்கே சீனி சுத்திகரிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமியை செப்ரெம்பர் மாதத்து ஞாயிறு மாலை ஒன்றில் அழைத்துப் போனேன். பூங்காவுக்குள் நுழையும் முன்பே மாமி நின்றுவிட்டார். "தம்பி, யாரோ பனங்கட்டி காய்ச்சுகிறார்கள்." உண்மையில் அதே வாசனைதான்: கருப்பநீர் வற்றி அடிப்பிடிக்கப் போகும் நேரத்து இனிப்பும் கருகலும். காற்று திரும்பினால் லேசான புளிப்பும் வரும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

அன்று எங்கள் அதிர்ஷ்டம், கப்பல் கட்டி நின்றது. பாரந்தூக்கியின் இரும்பு வாய் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, பழுப்பு நிறச் சீனியை அள்ளிக்கொண்டு மேலே வரும். வாய் முழுதாக மூடாது. விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய கோடு காற்றில் சரிந்துகொண்டே வரும். வெள்ளைச் சாய்வுநாற்காலிகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் கைபேசியை மறந்து அதைத்தான் பார்த்தார்கள். மாமி, "இவ்வளவும் எத்தனை தேநீருக்கு?" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

இலையுதிர்காலத் தொடக்கத்தை நான் விரும்புவதற்குக் காரணமும் கப்பல்தான். கடலிலிருந்து கப்பல்கள் ஏரிக்கு வரும் செயின்ட் லோரன்ஸ் நீர்வழியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், ஜனவரியில் போனால் பெருங்கப்பலுக்கு வழியில்லை. கோடையிலோ நாற்காலி கிடைக்காது. செப்ரெம்பரில் இரண்டும் கிடைக்கும், ஒரு தடித்த சுவெட்டர் மட்டும் போதும்.

குறைகள் இருக்கின்றன. பெயரில் பீச் இருக்கிறதே தவிர தண்ணீரில் கால்கூட நனைக்க முடியாது. மணலுக்கும் ஏரிக்கும் நடுவே நடைபாதை ஓடுகிறது. சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேப்பிள் இலை வடிவ நீரூற்று உண்டு, ஆனால் குளிர் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். மாலை வெயில் சாய்ந்ததும் குடையின் நிழல் குடைக்குக் கீழே விழாது. நாற்காலியை நீங்கள்தான் இழுத்துப் போட வேண்டும், அதுவும் நல்ல பாரம். அருகிலிருந்த கடையொன்றில் தேநீர் கேட்டோம். கடுதாசிக் குவளையில் வெந்நீரும், பக்கத்தில் தேயிலைப் பொட்டலமும் தந்து ஒரு சாப்பாட்டுக் காசு வாங்கினார்கள். மாமி இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்.

மேற்கிலிருந்து நடந்து வந்தால் ஆலை இருக்கும் இடத்தில் ஏரியோரப் பாதை அறுந்துபோகும். குயின்ஸ் கீ வீதிக்கு ஏறித்தான் சுற்றி வர வேண்டும். பாதையைத் தொடர்ச்சியாக்க வேண்டும் என்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்த அறுந்த துண்டு போதும். ஆலையை அகற்றினால் இந்தக் குடைகள் வெறும் அலங்காரம்.

நேரமிருந்தால் இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்து ஷெர்போர்ன் கொமன் என்ற பூங்கா வரை போங்கள். மழைநீரைப் புற ஊதாக் கதிரால் சுத்தம் செய்து, உயர்ந்த சிற்பங்களிலிருந்து திரையாக விழவைத்து, வாய்க்கால் வழியே ஏரிக்கு அனுப்புகிறார்கள். மாமிக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எனக்கு உண்டு.

ஐந்துக்கு நான்கு தருவேன். கார் வேண்டாம், தரிப்பிடக் கட்டணம் கடிக்கும். யூனியன் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். தேநீரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள்.