இன்குபேட்டர் வாங்குறவங்க காசு கொடுக்கும் முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க

மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. தெர்மாகோல் பெட்டியில் இன்குபேட்டர் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி) செய்து, "பொரிப்பு கேரண்டி" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு விற்கும் ஒருவரிடம் வாங்கி நொந்துபோய் எழுதுகிறேன். ஆள் யார் என்று கேட்க வேண்டாம். இதே மாதிரி பெட்டி கட்டுபவர்கள் நம்ம பக்கம் நிறையப் பேர், கோளாறைத் தெரிந்துகொண்டால் யாரிடம் வாங்கினாலும் உதவும்.

வைத்தது எங்கள் வீட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகள். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் ரத்த நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தது, ஆகவே கருவில் குறையில்லை. குஞ்சு பொரிய வேண்டிய 21ஆம் நாள் ஒரு முட்டைகூட விரியவில்லை. அதற்கப்புறம் தட்டுத்தடுமாறி வந்த ஒன்றிரண்டும் தொப்புள் மூடாமல், கால் ஊன்ற முடியாமல் கிடந்தன. மிச்சத்தை உடைத்தால் முழுசாக இறகு முளைத்த குஞ்சு உள்ளேயே செத்திருந்தது. அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

போன் போட்டேன்.

"கூமுட்டையா இருந்திருக்கும்ணே. மார்கழிப் பனி வேற."

"கூமுட்டையில எப்புடி தம்பி நரம்பு ஓடும்?"

கட் பண்ணியவர்தான், அப்புறம் எடுக்கவே இல்லை.

மூடியைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. சூட்டைப் பார்த்து பல்பை எரியவிட்டு அணைப்பது தெர்மோஸ்டாட். அதிலிருந்து வரும், சூட்டை அளக்கும் சென்சார் வயரைச் சுருட்டி, அதன் நுனியை பல்பு ஹோல்டரோடு சேர்த்து டேக் போட்டு இறுக்கியிருக்கிறார். சூட்டில் அந்த வெள்ளை டேக்கே பழுப்பேறிப் போயிருந்தது. பல்பு எரிந்ததும் சென்சார் நேராகச் சூடாகிவிடுகிறது, 37.5 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டது என்று நினைத்து தெர்மோஸ்டாட் பல்பை அணைத்துவிடுகிறது. கீழே முட்டைக்குச் சூடு போய்ச் சேரவே இல்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். 99.5 ஃபாரன்ஹீட் (அதே 37.5 செல்சியஸ்) காட்டியிருக்க வேண்டும், 97-ஐக்கூடத் தொடவில்லை.

இதோடு முடியவில்லை. அந்த தெர்மோஸ்டாட் போர்டில் பி1 என்று ஒரு செட்டிங் உண்டு. பல்பு அணைந்த பிறகு எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி எரிய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது அது 2 டிகிரி. அவர் அதைத் தொடவே இல்லை. முட்டைக்கு அரை டிகிரிக்கு மேல் ஊசலாடவே கூடாது.

கனடாவில் இருக்கும் அத்தை மகனிடம் புலம்பினேன். அங்கே வீட்டையே ஹீட்டர் போட்டுத்தான் சூடாக வைக்கிறார்கள். அதற்கான தெர்மோஸ்டாட்டை வெயில் படும் இடத்திலோ, அடுப்படிப் பக்கமோ, சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேராகவோ, வெளிச்சுவரிலோ வைக்க மாட்டார்களாம். ஆட்கள் புழங்கும் அறையில், உள்சுவரில், ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் வைப்பார்களாம். சூடு யாருக்கு வேண்டுமோ அவர்கள் பக்கத்தில் இருந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வீட்டுக்கு அப்படியென்றால் முட்டைக்கு மட்டும் வேறா?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டேக்கை வெட்டி, சென்சாரை முட்டையின் மேல்மட்டத்துக்கு இறக்கித் தொங்கவிடுங்கள். முட்டையைத் தொடக்கூடாது, ஃபேன் காற்று நேரே அடிக்கக்கூடாது, தண்ணீர்த் தட்டுக்கு மேலே இருக்கக்கூடாது. பி1-ஐ 0.3-க்குக் குறையுங்கள். ஒரு முழு ராத்திரி காலிப் பெட்டியை ஓடவிட்டு, தெர்மாமீட்டரில் பார்த்த பிறகு முட்டை வையுங்கள். பெட்டியை ஜன்னல் வெயிலிலும் சீலிங் ஃபேனுக்குக் கீழேயும் வைக்காதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் பில் இல்லாமல் வாங்காதீர்கள். கேட்டால் "பில் போட்டா விலை ஏறும்ணே" என்பார்கள், ஏறட்டும். என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும் அந்த ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட்டும். அவற்றை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் கீழே எழுதுகிறேன்.