குத்துச்சண்டைக்கு உடம்பைத் தயார்செய்ய: ஜிம்மா, வீடா, பேட்டைக் கூடமா?

"இந்த வயசுல எதுக்குப்பா?" என்று அம்மா கேட்டார். எனக்கு 34 வயது, 86 கிலோ. மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் நான் வளர்ந்தது ராயபுரம் பக்கம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்களைப் பற்றித் தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டே பெரியவனானவன். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, பார்க்கப் போன கூட்டத்தில் எங்கள் அப்பாவும் இருந்தார். கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஒரு நாளாவது ரிங்குக்குள் நிற்க வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே வீட்டுக்குள் இருந்த ஆசைதான்.

கடந்த ஒன்றரை வருடத்தில் மூன்று வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்: ஏசி ஜிம்மில் நடக்கும் பாக்ஸிங் வகுப்பு, வீட்டில் வீடியோ பார்த்துச் செய்வது, பேட்டையில் இருக்கும் பயிற்சிக் கூடம். மூன்றுக்கும் காசும் நேரமும் கொடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இந்த விளையாட்டு உடம்பிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவே ஒரு நிமிட ஓய்வு. மொத்தமே ஒன்பது நிமிடம்தான். பழக்கமில்லாத ஒருவர் பஞ்சிங் பேக்கை விடாமல் குத்தினால் நாற்பது, ஐம்பது விநாடியில் கை தானாகக் கீழே இறங்கும். ஆக, நீண்ட மூச்சும் வேண்டும், வெடித்துப் பாய்கிற வேகமும் வேண்டும், அந்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சைத் திரும்பப் பிடிக்கவும் தெரிய வேண்டும். இதையெல்லாம் தாங்குவது கால். குத்து கையில் தெரிந்தாலும் பாதத்தில்தான் கிளம்புகிறது.

ஜிம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே கையுறை கொடுத்துவிட்டார்கள். பாட்டுச் சத்தம், இருபது பேர், ஒரே பயிற்சியாளர். ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேர்குத்து), கிராஸ் (பின்னால் நிற்கும் கையால் நேர்குத்து), ஹுக் (பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது) என்று கத்துவார், நாங்கள் குத்துவோம். முக்கால் மணி நேரத்தில் சட்டையைப் பிழியலாம். உற்சாகமாகவே இருந்தது, இரண்டு கிலோ குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பேண்டேஜ் கட்டச் சொல்லித் தரவில்லை. மூன்றாவது வாரம் ஹுக் அடிக்கும்போது மணிக்கட்டு மடங்கியது. அன்று இரவு தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. மூன்று வாரம் ஓய்வு.

இன்னொரு குறை, பழக்கம் எதுவும் மாறவில்லை. வகுப்பு முடிய இரவு எட்டரை. வெளியே வந்தால் பக்கத்திலேயே புரோட்டாக் கடை. நன்றாக உழைத்தோம் என்ற நினைப்பில் வழக்கத்தைவிட ஒன்று கூடவே போகும்.

கை குணமானதும் வீட்டிலேயே தொடங்கினேன். செலவு ஒரு ஸ்கிப்பிங் கயிறு மட்டும். இங்கேதான் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வி வருகிறது: ஓட்டமா, கயிறா?

குத்துச்சண்டைக்காரர்கள் விடியற்காலையில் ஓடுவது பழைய வழக்கம். அலி கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடியவர். மெதுவான நீண்ட ஓட்டம் இதயத்துக்கு அடித்தளம் போடுகிறது. ஆனால் 86 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு சிமெண்ட் சாலையில் ஓடினால் பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். எனக்கு வலித்தது. கயிறு பாதத்தின் முன்பகுதியில் நிற்கப் பழக்குகிறது. கெண்டைக்கால், தோள், தாளம் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். ரிங்கில் வேண்டியதும் இதுதான். ஆனால் கனத்த உடம்போடு முதல் நாளே கால் மணி நேரம் குதித்தால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும்.

என் முடிவு இது. முதல் மாதம் மண் தரையில், அல்லது மெரினாவில் ஈரம் இறுகிய மணலில், வேக நடையும் மெல்லோட்டமும் மாற்றி மாற்றி அரை மணி நேரம். கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும், பேச்சு துண்டுபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கயிறு முப்பது விநாடி, ஓய்வு முப்பது விநாடி, பத்து முறை. இரண்டாவது மாதத்திலிருந்து கயிறுக்கு முன்னிடம்: மூன்று நிமிடம் குதி, ஒரு நிமிடம் நில். அதாவது ரவுண்டுக் கணக்கிலேயே உடம்பைப் பழக்குவது. ஓட்டத்தில் 200 மீட்டர் விரைவோட்டங்களை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கயிறு என்பேன்.

வீட்டுப் பயிற்சியின் பெரிய ஓட்டை வேறு. ஜாப் போட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது என் வலது கை தாடையை விட்டு இறங்குகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. நான்கு மாதம் அந்தத் தப்பையே ஆயிரக்கணக்கான முறை செய்து உடம்பில் பதித்துவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்றாலும் நாம் பார்ப்பது குத்துகிற கையைத்தான். அப்புறம், "நாளைக்குச் செய்துகொள்ளலாம்" என்பதைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை.

கடைசியாகக் கூடம். தகரக் கூரை, ஒட்டுப்போட்ட கேன்வாஸ் விரித்த ரிங், மூலையில் லாரி டயர்கள். காலை ஐந்தரைக்கு பத்து வயதுப் பிள்ளைகளிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகிற பெண்கள் வரை நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் மாஸ்டர் அடிக்கடி சொல்கிற பெயர் தேவராஜன்: 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய நம்ம ஊர்க்காரர்.

முதல் மூன்று வாரம் எனக்குக் கையுறையே கிடையாது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. அதன் இரு பக்கமும் பாதம் வைத்து, முன்னால் போனால் இடது கால் முதலில், பின்னால் வந்தால் வலது கால் முதலில், கால்கள் ஒருபோதும் பின்னக் கூடாது. பிறகு இரண்டு தூண்களுக்கு நடுவே தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் அடியில் இடம் வலமாகக் குனிந்து நிமிர்ந்து போக வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். பார்க்க எளிது. இரண்டு சுற்றில் தொடை நடுங்கிவிடும்.

பேண்டேஜ் கட்டுவதற்கே ஒரு காலைப்பொழுது போனது. நாலரை மீட்டர் துணி. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, கணுக்கள் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக, திரும்ப மணிக்கட்டில் முடிப்பு. மாஸ்டர் என் கையைப் பிடித்துக் கணுக்களை அழுத்திப் பார்த்தார். "விரல் மரத்துப் போச்சுன்னா அவுத்துக் கட்டு தம்பி. லூஸா இருந்தாலும் அவுத்துக் கட்டு." ஆள்காட்டி விரல், நடுவிரல் கணுக்கள்தான் இலக்கில் பட வேண்டும் என்றும் அன்றுதான் சொன்னார். சுண்டுவிரல் பக்கம் பட்டால் உள்ளங்கை எலும்பு முறியும். ஜிம்மில் மணிக்கட்டு மடங்கியபோது என் கையில் இந்தத் துணி இல்லை.

பழக்கம் மாறியதும் இங்கேதான். ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டுமானால் பத்து மணிக்குப் படுக்க வேண்டும். இரவு பத்தரைக்குப் புரோட்டா சாப்பிட்ட மறுநாள், மூன்றாவது ரவுண்டில் வாந்தி வந்தது. அதோடு இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு நகர்ந்தது. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், முடிந்ததும் கேழ்வரகுக் கஞ்சியும் இரண்டு முட்டையும். தினம் நான்கு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், கயிறு குதிக்கும்போது நெஞ்சு அடைத்த அடைப்பில் விட்டேன். மனவுறுதியைத் தனியாகத் திரட்டிக்கொண்டு எதையும் விடவில்லை. மறுநாள் காலையில் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

கூடத்திலும் குறை உண்டு. பல இடங்களில் பெண்களுக்கு உடை மாற்ற ஒரு அறைகூட இல்லை. எடைப் பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் பிளாஸ்டிக் சட்டை போட்டு வியர்வை சிந்துகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சென்னை வெயிலில் அது உயிரோடு விளையாடுவது. போட்டிக்குப் போகாத நம்மைப் போன்றவர்களுக்கு அது எந்த விதத்திலும் வேண்டாம். எல்லாவற்றையும் விட, ஸ்பாரிங், அதாவது ரிங்கில் எதிராளியோடு ஆடும் பயிற்சிச் சண்டை. புதிதாக வந்தவரை இரண்டாவது வாரமே ரிங்கில் ஏற்றிவிடுகிற கூடங்கள் உண்டு. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆகவே சேரும் முன் நேராகக் கேளுங்கள்: ஸ்பாரிங் எப்போது, யாரோடு? "வந்துடுங்க, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

எடை குறைந்தால் போதும் என்பவருக்கு ஜிம் சரி, பேண்டேஜை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஷிப்ட் வேலைக்காரருக்கு வீடு, ஆனால் வாரம் ஒரு நாளாவது ஒரு மாஸ்டர் கண்ணில் படுங்கள். குத்துச்சண்டைதான் வேண்டும் என்றால் நான்கு வாரம் வீட்டில் நடை, கயிறு, பிறகு நேரே கூடம். ரத்த அழுத்தமோ நெஞ்சு வலியோ இருந்தால் அதற்கும் முன்னால் டாக்டர்.

எட்டாவது மாதத்தில்தான் மாஸ்டர் என்னை ரிங்குக்குள் விட்டார். 77 கிலோ, கையில் 16 அவுன்ஸ் கையுறை, எதிரே பத்தொன்பது வயதுப் பையன், தலையில் அடிக்கக் கூடாது என்ற கட்டளை. இரண்டு நிமிடம் ஓடியது. வலது கை தாடையை விட்டு இரண்டு முறை இறங்கியது, இரண்டு முறையும் கயிற்றுக்கு வெளியே இருந்து மாஸ்டர் குரல் வந்தது. மணி அடித்தபோது கால் நின்ற இடத்தில் நின்றது.