ஐந்து வாரம் நான் இல்லை: ஒரே பேக்கேஜ், நான்கு இடங்கள்

போன வருடம் ஐப்பசி மழையில் எனக்கு டைஃபாய்டு வந்தது. ஐந்து வாரம் சேலம் சூரமங்கலத்து வீட்டில் படுக்கை. கணினியைத் திறக்கவே இல்லை. அதற்கு முன் நான்கு ஆண்டுகளாக ஒரு சின்ன நிரலை நான்கு இடங்களில் பேக்கேஜாகக் கட்டிப் பராமரித்து வந்தேன். ஜக்கார்டு தறிக்கான டிசைனைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரைய உதவும் நிரல் அது. எழுதியவர் வேறொரு நாட்டுக்காரர். அவர் மூலநிரலை வெளியிடுவார். டெபியன், ஆர்ச் என்ற லினக்ஸ் வகைகள், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம், எந்த லினக்ஸுக்கும் பொதுவான ஃபிளாட்ஹப் களஞ்சியம் ஆகிய நான்கிலும் ஒரே கட்டளையில் நிறுவும்படி அதை ஆக்கித் தருவது என் வேலை.

நான் படுத்திருந்த நாட்களில் அவர் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டார். எழுந்து வந்து பார்த்தபோது நான்கு இடத்திலும் நான்கு நிலைமை. முதல் பேக்கேஜை எங்கே போடலாம் என்று கேட்கும் கல்லூரித் தம்பிகளிடம் அதுவரை "எது சுலபம்" என்பதை வைத்தே பதில் சொல்லி வந்தேன். இப்போது முதலில் வேறொன்றைச் சொல்கிறேன்: நீ திடீரென்று வர முடியாமல் போனால் அதை நம்பி இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்.

சுலபம் என்றால் ஆர்ச் லினக்ஸில் பயனர்களே பேக்கேஜ் ஏற்றும் களஞ்சியமான ஏயுஆர்தான். பிகேஜிபில்ட் என்ற ஒரே ஷெல் கோப்பு. எங்கிருந்து மூலநிரலை இறக்க வேண்டும், அதன் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) என்ன, எப்படிக் கட்ட வேண்டும் என்று எழுதி ஏற்றினால் முடிந்தது. யாரும் முன்கூட்டிச் சரிபார்ப்பதில்லை. அரை மணி நேரத்தில் என் பேக்கேஜ் அங்கே இருந்தது. நான் திரும்பி வந்தபோது அதன் மேல் "பழையதாகிவிட்டது" என்ற குறி விழுந்திருந்தது. கீழே ஆறு கருத்துகள். ஒருவர் சரியான திருத்தத்தை முழுதாகவே எழுதி வைத்திருந்தார். ஆனால் அதை உள்ளே சேர்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. இணைப் பராமரிப்பாளர் என்று ஒருவரைச் சேர்க்க அங்கே வசதி உண்டு. நான் சேர்க்கவில்லை, அது என் தவறு.

இதைவிடக் கவலை தருவது உரிமையாளர் கைவிட்ட பேக்கேஜ்கள். அவற்றை யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். 2018 ஜூலையில் அப்படி ஆளில்லாமல் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் படிக்கும் நிரலின் பேக்கேஜை முகம் தெரியாத ஒருவர் எடுத்து, வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் இறக்கி ஓட்டும் வரியை நடுவே செருகினார். விரைவில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஏயுஆரில் இருந்து எதை நிறுவினாலும் கோப்பைத் திறந்து படித்துவிட்டே நிறுவ வேண்டும் என்பது பயனருக்கான பாடம். என்னைப் போன்றவர்களுக்கான பாடம், கைவிடும்போது தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது.

ஃபிளாட்ஹப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா கிராஸ் ஸ்டிச் கட்டம் வரைய இதே நிரலைத்தான் பயன்படுத்துகிறார். எந்த லினக்ஸாக இருந்தாலும் ஓடும் என்று ஃபிளாட்ஹப்பில் இருக்கும் பேக்கேஜான ஃபிளாட்பேக்கைப் போட்டுக் கொடுத்தேன். நிரல் சில எம்பிதான். அதைத் தாங்கும் ரன்டைம் பல நூறு எம்பி. மலையில் மழையும் மூட்டமுமாக இருந்தால் அக்கா வீட்டில் சிக்னல் நிற்காது. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்து இறக்கிக்கொண்டு போனார். பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் முறை என்பதால் பென்டிரைவில் இருந்த டிசைன் ஆரம்பத்தில் நிரலின் கண்ணுக்கே தெரியவில்லை. அனுமதி வரி ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்தேன்.

நான் இல்லாத வாரங்களில் அங்கே ஒரு தானியங்கி புதிய பதிப்பைக் கண்டு திருத்தம் தயாரித்து வைத்திருந்தது. ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. பராமரிப்பு என்ற கண்ணில் பார்த்தால் பெரிய பாரம் இன்னொன்று: ரன்டைமில் இல்லாத லைப்ரரிகளை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) நாமே கூடச் சேர்த்துக் கட்டுகிறோம். அவற்றில் ஓட்டை வந்தால் அடைப்பதும் நம் பொறுப்பு. டெபியனில் ஒரு லைப்ரரியைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் அத்தனை நிரலுக்கும் பலன் போய்ச் சேரும். இங்கே நான் படுத்துவிட்டால் அந்த லைப்ரரியும் என்னோடு படுத்துவிடும்.

டெபியனுக்குள் நுழைய எனக்கு ஏழு மாதம் ஆனது. இதைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன் என்று முதலில் ஒரு பிழை அறிக்கையாகவே அறிவிக்க வேண்டும். பிறகு டெபியன் என்ற பெயரில் ஒரு கோப்புறை. அதில் கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் என்ற கோப்புகள். லின்டியன் என்ற சோதனைக் கருவி குறை சொல்லாத அளவுக்குத் திருத்த வேண்டும். நமக்கு ஏற்றும் உரிமை இருக்காது என்பதால் நமக்காக ஏற்ற முன்வரும் டெபியன் டெவலப்பர் ஒருவர் கிடைக்க வேண்டும். புதிய பேக்கேஜ் என்றால் அதன்பின் நியூ என்ற பரிசீலனை வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கே உரிமத்தைக் கோப்பு கோப்பாகப் பார்ப்பார்கள். என் பேக்கேஜோடு வந்த மாதிரி டிசைன் படங்களுக்கு உரிமமே எழுதப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நிரலை எழுதியவருக்கு மடல் போட்டு, அவர் ஒரு வரி சேர்த்து, மறுபடியும் வரிசை. அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அந்தக் கண்டிப்பை மதிக்கிறேன்.

ஏனென்றால் அந்த டெபியன் பேக்கேஜைப் பயன்படுத்துபவர் சேலம் அம்மாபேட்டை டிசைனர் ஐயா. அறுபதைக் கடந்தவர், வெண்பட்டு வேட்டிக்கரை வரைவதில் கைதேர்ந்தவர். அவர் கணினியில் 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஓடுகிறது. புதிய பதிப்பு பற்றிப் பிறகு அவரிடம் சொன்னபோது, "எனக்கு வேண்டாங் கண்ணு, ஆர்டர் ஓடிட்டிருக்கும்போது இதுல கை வைக்காத" என்றார். நிலையான வெளியீடு அவர் கேட்டதைத்தான் கொடுக்கிறது: பாதுகாப்புத் திருத்தம் வரும், பட்டன் இடம் மாறாது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் நான் காய்ச்சலில் கிடந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

அடுத்த வெளியீட்டுக்கான கிளையில் மட்டும் சிக்கல். புதிய கம்பைலரில் (மூலநிரலை ஓடும் நிரலாக்கும் கருவி) என் பேக்கேஜைக் கட்ட முடியாமல் போய், டெஸ்டிங் என்ற அந்தக் கிளையில் இருந்து நீக்கப்படும் என்று எச்சரிக்கை மடல் வந்து கிடந்தது. முன்பின் அறியாத ஒரு டெவலப்பர், பராமரிப்பாளர் அல்லாதவர் ஏற்றும் முறையில் அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தி, நான் பார்த்து மறுப்புச் சொல்ல நாள் விட்டு, தாமத வரிசையில் ஏற்றியிருந்தார். புதிய பதிப்பை அவர் தொடவில்லை. தொடவும் கூடாது, அது வழக்கம்.

ஒரு எச்சரிக்கையும் டெபியன் வரலாற்றிலேயே இருக்கிறது. 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் பேக்கேஜில் சோதனைக் கருவி குறை சொன்ன வரிகளைப் பராமரிப்பாளர் நீக்கினார். விளைவாக, யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக வேண்டிய ரகசியச் சாவிகள் ஒரு வகைக்கு 32,767க்குள்ளேயே அடங்கிப்போயின. 2008 மே மாதம்தான் அது வெளியே வந்தது. அடுத்தவர் நிரலில் நாம் ஒட்டும் பேட்ச் (சிறு திருத்தம்) எதுவானாலும் எழுதியவருக்கு அனுப்பி அவர் ஏற்ற பிறகு வைத்துக்கொள்வது என் பழக்கமானது அதைப் படித்த பிறகுதான்.

ஃப்ரீபிஎஸ்டி என் சொந்தக் கணினியின் வீடு, அதனால் அதன் பேக்கேஜ் முறையான போர்ட்ஸ் மேல் கொஞ்சம் பாசம் கூடுதல். 1994இல் ஜோர்டன் ஹப்பர்ட் தொடங்கிய முறை. ஒரு போர்ட் என்றால் கட்டும் வழியைச் சொல்லும் ஒரு மேக்ஃபைல், செக்சம் இருக்கும் டிஸ்ட்இன்ஃபோ, ஒரு சிறு விவரக் கோப்பு, நிறுவப்படும் கோப்புகளின் பட்டியல். போர்ட்லின்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டி, சிறை எனப்படும் சுத்தமான தனிச் சூழல் ஒன்றுக்குள் கட்டிப் பார்க்கும் பூட்ரியேரில் சோதித்து, பக்ஸில்லா என்ற பிழை பதியும் தளத்தில் பேட்ச் வைத்தால் மாற்றங்களை நேரடியாகச் சேர்க்கும் கமிட் உரிமை உள்ள ஒருவர் எடுப்பார். எனக்கு முதல் போர்ட் மூன்று வாரத்தில் உள்ளே போனது. வந்த திருத்தங்கள் எல்லாம் கற்றுக்கொடுக்கும் தொனியில் இருந்தன.

ஆளில்லாமல் போவதை இவர்கள் முன்பே யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பயனர் ஒருவர் கேட்டதற்குப் பராமரிப்பாளர் இரண்டு வாரம் பதில் சொல்லாவிட்டால், அவர் ஒப்புதல் இல்லாமலே திருத்தத்தைச் சேர்க்கலாம். மூன்று மாதம் பதில் இல்லை, அல்லது தொடர்ந்து மூன்று முறை கெடு தாண்டியது என்றால் அவரிடம் இருக்கும் போர்ட்களைப் பொதுவுக்கே திருப்பிக்கொள்ளலாம். என் விஷயத்தில் ஒரு பயனர் புதிய பதிப்புக்கான பேட்சை வைத்திருந்தார். இரண்டு வாரம் பொறுத்து, கெடு முடிந்தது என்று ஒரு வரி குறிப்போடு ஒருவர் சேர்த்துவிட்டார். மேக்ஃபைலில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் முகவரி அப்படியே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் காலாண்டுக் கிளையில் இருந்து நிறுவுபவர்களுக்கு அது ஜனவரியில் போய்ச் சேர்ந்தது.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை (ரகசிய நுழைவழியை)க் கண்டுபிடித்தபோது நான் முதலில் யோசித்தது செக்சத்தைப் பற்றித்தான். வெளியீட்டுக் கோப்பிலேயே விஷம் இருந்தால் நாம் கணக்கிட்டு வைக்கும் செக்சம் அந்த விஷத்துக்கும் சேர்த்துத்தான் சாட்சி சொல்லும். அடுத்து யோசித்தது அதை எழுதியவரின் களைப்பு. தனியாளாகச் சுமந்து சோர்ந்திருந்தவருக்கு உதவி என்று வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, உள்ளே நுழைந்தார்கள். ஓய்வு எடுக்க வழி இல்லாத இடத்தில்தான் அந்தக் கதவு திறக்கிறது.

அதனால் சேலத்துக் கல்லூரியில் இருந்து முதல் பேக்கேஜோடு வருபவருக்கு நான் ஃப்ரீபிஎஸ்டியைச் சொல்கிறேன். கற்றுக்கொள்ளச் சிறியது, கெடு எழுத்தில் இருக்கிறது. தறிக்காரரும் பள்ளி ஆசிரியரும் பயன்படுத்தப்போகும் நிரல் என்றால் பொறுமையோடு டெபியன். நம் ஊருக்கு அது புதிதும் இல்லை. அரசு இலவச லேப்டாப்பில் பிள்ளைகள் பார்த்த பாஸ் லினக்ஸ், டெபியன் மேல் கட்டியதுதான். ஏயுஆரும் ஃபிளாட்ஹப்பும் இரண்டாவது ஆள் கிடைத்த பிறகு.

உடம்பு தேறியதும் ஏயுஆரில் திருத்தம் எழுதியிருந்த அந்த நபரையே இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்தேன். ஃபிளாட்ஹப்பில் திருத்தங்களை ஏற்கும் உரிமையைக் கல்லூரித் தம்பி ஒருவருக்கும் வாங்கிக் கொடுத்தேன். டெபியன் பேக்கேஜைத் தனியாள் பெயரில் இருந்து ஒரு குழுவின் பெயருக்கு மாற்ற வேலை நடக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.