ஹட்டன் பாடசாலை மாணவர் இதழ்: படத்தில் இருப்பவர் பேசவில்லை

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டனில் பாடசாலை மாணவர்கள் போட்ட இதழ் இது. ஏ4 அளவு, 16 பக்கம், நடுவில் பின் அடித்தது. முதல் 4 பக்கத்தை வழக்கம்போல ஆசிச்செய்திகள் விழுங்கிவிட்டன.

பெயரிடலில் கவனம் தெரிகிறது. எங்கும் 'மலையகத் தமிழர்' என்றே எழுதியவர்கள், 2012 குடிசன மதிப்பீட்டு எண்ணைக் காட்டும் இடத்தில் மட்டும் அதே மக்களுக்கு அதிலுள்ள 'இந்தியத் தமிழர்' என்ற பெயரை மாற்றவில்லை. அதுதான் முறை.

சறுக்கியது சம்பளக் கட்டுரை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆன கதை சரியாக வந்திருக்கிறது. ஆனால் பேசுவோர் தோட்ட அதிகாரியும் தொழிற்சங்கத் தலைவரும், இருவரும் ஆண்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பெயரில்லாமல் படத்தில் சிரிக்கிறார்கள். (சுற்றுலாப் பிரசுரமா இது?) காலை பத்து மணிக்குப் பேட்டிக்குப் போனால் அவர்கள் மலையில்தான் இருப்பார்கள். மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போக வேண்டும். பெயர் போட ஒப்புதலையும் கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்) இல்லாத இடத்தில் கேட்க வேண்டும்.

சிங்கள, முஸ்லிம் குரல் ஒன்றுகூட இல்லை, ஹட்டன் கடைவீதியைப் பற்றிய பக்கத்திலும்! அச்சுக்கு முன் மேற்கோள்களை இனம், பால், தொழில் வாரியாகக் கோடு போட்டு எண்ணியிருந்தால் அரை மணியில் பிடிபட்டிருக்கும்.

அச்சு தெளிவு. எழுத்துப் பிழை குறைவு.